கடல்நீர் மீன்தொட்டியில் பாசித் தொல்லை: காரணங்களும் கட்டுப்பாடும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
பிரயோக வினாக்களுக்கான வழிகாட்டல்



ஒளித்தொகுப்பு, நைதரசன் வட்டம், உணவுச் சங்கிலி, நற்போசணையாக்கம் ஆகிய நான்கையும் நீங்கள் வெவ்வேறு பாடங்களில் படித்திருப்பீர்கள். வரைவிலக்கணம் கேட்டால் உடனே எழுதிவிடுவீர்கள். ஆனால் ஒரு சூழ்நிலையைத் தந்து "இதற்குக் காரணம் யாது?", "நீர் என்ன செய்வீர்?" என்று கேட்கும்போது பலர் தடுமாறுகின்றனர். அத்தகைய வினாக்களுக்குப் பயிற்சி பெற ஒரு சிறிய கடல்நீர் மீன்தொட்டி மிகவும் பொருத்தமானது. மேற்கூறிய நான்கு விடயங்களும் அந்த ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் நடைபெறுகின்றன.

இப்பாடம் முழுவதிலும் ஒரு வினாவை மனதில் வைத்திருங்கள்: "போசணைப் பொருள் எங்கிருந்து உள்ளே வருகிறது? எவ்வழியாக வெளியே போகிறது?" இவ்வினாவுக்கு விடை தெரிந்தவர் பாசியைக் கட்டுப்படுத்துவார். தெரியாதவர் வாராவாரம் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருப்பார்.

01. நாம் எடுத்துக்கொள்ளும் தொட்டி

நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., நீர்மட்டம் 35 செ.மீ. எனக் கொள்வோம்.

கனவளவு = 60 × 30 × 35 = 63 000 கன செ.மீ. = 63 லீற்றர்

மணலும் கற்களும் இடம்பிடிப்பதால் உண்மையான நீரின் அளவு ஏறத்தாழ 50 லீற்றர் எனக் கொள்வோம். அதில் இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், ஒரு வடிகட்டி, ஒரு மின்விளக்கு என்பன உள்ளன. சாதாரண கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. தொட்டி நீரின் உவர்த்தன்மையும் இதற்கு அண்மையாக இருக்க வேண்டும். அதனை நீரமானி மூலம் சோதிக்கலாம்.

50 லீற்றர் என்பது மிகச் சிறிய அளவு. கடலில் ஒரு மீனின் கழிவு உடனே ஐதாகிவிடும். தொட்டியில் அது அங்கேயே தங்கிவிடும். சிறிய தொட்டியைப் பேணுவது பெரிய தொட்டியைப் பேணுவதைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

02. தொட்டியில் காணப்படும் "பாசி" வகைகள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பாசி என்கிறோம். பரீட்சையில் வேறுபடுத்திக் கூறத் தெரிந்திருக்க வேண்டும்.

(அ) தயற்றம்கள் – மணலிலும் கண்ணாடியிலும் கபில நிறத் தூள்போலப் படியும். புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் தோன்றுவது இதுவே. இவற்றின் கலச்சுவருக்குச் சிலிக்கா தேவை. நீரிலுள்ள சிலிக்கேற்று குறைந்ததும் பெரும்பாலும் தாமாகவே குறைந்துவிடும்.

(ஆ) பச்சை அல்காக்கள் – கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படையாகவோ, கற்களில் தலைமயிர் போன்ற இழைகளாகவோ வளரும். இழையாக வளரும் வகையே அதிக தொல்லை தருவது.

(இ) சயனோபற்றீரியா – சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிற வழவழப்பான போர்வைபோல மணலை மூடும். ஒளித்தொகுப்பினால் உண்டாகும் ஒட்சிசன் குமிழ்கள் அதனுள் சிக்கியிருப்பதைக் காணலாம். தெளிவான கரு அற்றிருப்பதால் இது அல்கா அன்று. பற்றீரியா வகையைச் சேர்ந்தது.

(ஈ) சுண்ணாம்புச் சிவப்பு அல்காக்கள் – கற்களில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் கடினமான படையாகக் காணப்படும். இவை தொல்லை தருபவை அல்ல. இவை நன்றாக வளர்வது தொட்டி சீராக உள்ளது என்பதற்கு ஓர் அறிகுறியாகும். இவற்றைச் சுரண்டி அகற்றக் கூடாது.

கவனிக்க: "பாசி எல்லாம் தீயது" என்று எழுத வேண்டாம். அல்காக்கள் கடலின் முதன்மை உற்பத்தியாளர்கள். அளவுக்கு மீறி வளரும்போதே அவை தொல்லையாகின்றன.

03. அல்காக்கள் வளர்வதற்குத் தேவையானவை

ஒளித்தொகுப்பின் சொற்சமன்பாட்டை நினைவுபடுத்துக.

காபனீரொட்சைட்டு + நீர் → குளுக்கோசு + ஒட்சிசன்
(ஒளிச்சக்தி, பச்சையம் ஆகியவற்றின் முன்னிலையில்)

குளுக்கோசு மட்டும் இருந்தால் கலம் வளராது. புரதம் ஆக்குவதற்கு நைதரசன் வேண்டும். கருவமிலங்கள் ஆக்குவதற்கு நைதரசனுடன் பொசுபரசும் வேண்டும். அல்காக்கள் இவற்றைப் பிரதானமாக நைத்திரேற்று, அமோனியா, பொசுபேற்று ஆகிய வடிவங்களில் நீரிலிருந்து உறிஞ்சுகின்றன.

அமெரிக்கக் கடலியல் அறிஞரான அல்பிரட் ரெட்பீல்ட் 1934 இல் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டினார். கடல் மிதவை உயிரினங்களில் காபன், நைதரசன், பொசுபரசு ஆகியவற்றின் அணுக்கள் சராசரியாக 106 : 16 : 1 என்னும் விகிதத்திற்கு அண்மையாக உள்ளன. 16 நைதரசன் அணுக்களுக்கு ஒரு பொசுபரசு அணு போதும். ஆகவே நீரில் மிகச் சிறிதளவு பொசுபேற்று இருந்தாலும் பெருமளவு அல்கா வளர முடியும்.

தேவையானவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். அதனை எல்லைப்படுத்தும் காரணி என்போம். தொட்டியில் நீரும் காபனீரொட்சைட்டும் எப்போதும் உண்டு. அவற்றை நாம் கட்டுப்படுத்த முடியாது. எனவே நம் கையிலுள்ளவை இரண்டே: ஒளி, போசணைப் பொருள்.

04. போசணைப் பொருள் எங்கிருந்து வருகிறது?

முதலாவது வழி: மீனின் உணவு

நீங்கள் இடும் உணவில் புரதமும் பொசுபரசும் உண்டு. மீன் உண்டால் கழிவாகவும், உண்ணாவிட்டால் அழுகியும் அது நீரைச் சேர்கிறது. பின்னர் நைதரசன் வட்டத்தின் ஒரு பகுதி தொட்டிக்குள் நடைபெறுகிறது.

உணவு, கழிவு → அமோனியா → நைத்திரைற்று → நைத்திரேற்று

இம்மாற்றங்களை மணலிலும் கற்களிலும் வடிகட்டியிலும் வாழும் பற்றீரியாக்கள் செய்கின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மீன்களுக்கு நச்சுத்தன்மையானவை. நைத்திரேற்றின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதனாலேயே நீர் நிரப்பிய உடனே மீன்களை விடக் கூடாது என்கிறோம்.

நைத்திரேற்றை மீண்டும் நைதரசன் வாயுவாக்கும் நைதரசனிறக்கம் ஒட்சிசன் அற்ற இடங்களிலேயே நடைபெறும். சிறிய தொட்டியில் அது பெரும்பாலும் போதியளவு நடைபெறுவதில்லை. ஆகவே நைத்திரேற்று சேர்ந்துகொண்டே போகும். பொசுபேற்றுக்கு வாயுவாக வெளியேறும் வழியே இல்லை.

இரண்டாவது வழி: ஊற்றும் நீர்

இதனையே பலர் கவனிப்பதில்லை. ஆவியாதலின்போது நீர் மட்டும் வெளியேறும். உப்புகள் தொட்டியிலேயே எஞ்சும். ஆகவே குறைந்த நீருக்குப் பதிலாக உப்பற்ற நீரையே ஊற்ற வேண்டும். இது சரி. ஆனால் எந்த உப்பற்ற நீர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ்நீர் சுண்ணாம்புக்கல் படைகளில் தங்கியுள்ளது. வயல்களிலும் தோட்டங்களிலும் இடப்படும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் மண்ணினூடாக இலகுவாக அதனைச் சென்றடைகின்றன. விவசாயப் பகுதிகளிலுள்ள சில கிணறுகளில் நைத்திரேற்றின் செறிவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த 50 என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்த எல்லையாகும். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி இவ்வெல்லை வகுக்கப்பட்டது. அளவுக்கு மீறிய நைத்திரேற்று, குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும்.

அத்தகைய கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றினால் என்ன நடக்கும்? தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும் அந்த நீர், அல்காவுக்குத் திரவப் பசளையாகும். நீர் மீண்டும் ஆவியாகும், நைத்திரேற்று எஞ்சும். மேலும் ஊற்றுவீர்கள், மேலும் சேரும்.

05. கணக்கிட்டுப் பார்ப்போம்

நாள் ஒன்றுக்கு அரை லீற்றர் நீர் ஆவியாகிறது எனவும், ஊற்றும் கிணற்று நீரில் லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று உள்ளது எனவும் கொள்க.

ஒரு வாரத்தில் ஊற்றும் நீர் = 0.5 × 7 = 3.5 லீற்றர்
சேரும் நைத்திரேற்று = 3.5 × 50 = 175 மி.கி.
50 லீற்றர் தொட்டியில் செறிவு அதிகரிப்பு = 175 ÷ 50 = 3.5 மி.கி./லீ.

உணவினால் வாரத்துக்கு 4 மி.கி./லீ. அதிகரிக்கிறது எனக் கொள்வோம். மொத்த அதிகரிப்பு வாரத்துக்கு 7.5 மி.கி./லீ. ஆகும். உணவுக்கு ஏறக்குறையச் சமமான அளவு நைத்திரேற்று, ஊற்றும் நீரினால் மட்டுமே வந்துள்ளதைக் கவனிக்க.

இனி, வாரந்தோறும் ஒரு பகுதி நீரை அகற்றி, நைத்திரேற்று அற்ற புதிய கடல்நீரை இடுகிறோம். சில மாதங்களின் பின் ஒரு சமநிலை ஏற்படும். அந்நிலையில்,

வாரத்தில் உள்ளே வருவது = வாரத்தில் வெளியே போவது

நீரை மாற்றுவதற்குச் சற்று முன்னுள்ள செறிவைக் காண, வாராந்த அதிகரிப்பை மாற்றும் பின்னத்தால் வகுக்க வேண்டும்.

10% மாற்றினால்: 7.5 ÷ 0.10 = 75 மி.கி./லீ.
25% மாற்றினால்: 7.5 ÷ 0.25 = 30 மி.கி./லீ.
25% மாற்றி, ஊற்றுவதற்கு நைத்திரேற்று அற்ற நீரைப் பயன்படுத்தினால்: 4 ÷ 0.25 = 16 மி.கி./லீ.
அத்துடன் உணவையும் அரைவாசியாகக் குறைத்தால்: 2 ÷ 0.25 = 8 மி.கி./லீ.

அல்காவும் பற்றீரியாவும் உறிஞ்சும் அளவை இங்கு கணக்கில் எடுக்கவில்லை. எனினும் உண்மை தெளிவாகிறது. நீரை மாற்றுவதால் மட்டும் பிரச்சினை தீராது. உள்ளே வருவதைக் குறைத்தால், அதே உழைப்புக்குப் பல மடங்கு பயன் கிடைக்கும்.

06. அளவுக்கு மீறிய அல்காவினால் ஏற்படும் தீங்குகள்

(1) பவளம் போன்ற அசையாத உயிரினங்களை மூடி, அவற்றுக்குக் கிடைக்கும் ஒளியைத் தடுக்கும்.

(2) பகலில் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசன் வெளியேறும். இரவில் ஒளித்தொகுப்பு இல்லை. சுவாசம் மட்டுமே நடைபெறும். ஆகவே கரைந்த ஒட்சிசன் குறையும். காபனீரொட்சைட்டு அதிகரிப்பதால் நீரின் பி.எச். பெறுமானமும் குறையும். ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பது சூரிய உதயத்துக்குச் சற்று முன்னராகும். எமது நாட்டின் வெப்பமும் இதற்குத் துணைபோகிறது. வெப்பநிலை கூடும்போது நீரில் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும்.

(3) பெருமளவு அல்கா ஒரே நேரத்தில் இறந்தால், அதனைப் பிரிந்தழியச் செய்யும் பற்றீரியாக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும். மீன்கள் மூச்சுத்திணறி இறக்கலாம்.

07. கட்டுப்படுத்தும் முறைகள்

வரிசை முக்கியமானது. முதலில் உள்ளே வருவதைக் குறைத்து, பின்னர் உள்ளே இருப்பதை அகற்ற வேண்டும்.

முதற்படி – உள்ளே வருவதைக் குறைத்தல்
• ஓரிரு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவு உணவை மட்டும் இடல். உறையவைத்த உணவாயின் உருகிய நீரை வடித்துவிட்டு இடல்.
• ஆவியாகிய நீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த நீரை அல்லது ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரை ஊற்றல். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவது பயன்தராது. கொதிக்கும்போது நீர் ஆவியாக, நைத்திரேற்றின் செறிவு சற்று அதிகரிக்கவே செய்யும்.
• கடல்நீரைக் கொண்டுவருவதாயின் வாய்க்கால், களப்பு முகத்துவாரம், துறைமுகம் என்பவற்றுக்குத் தொலைவிலும், மழை பெய்யாத காலத்திலும் எடுத்தல்.

இரண்டாம் படி – உள்ளே இருப்பதை அகற்றல்
• வாரந்தோறும் 20% – 25% நீரை மாற்றல். அப்போது மணலின் மேலுள்ள அழுக்கை இறப்பர்க் குழாயினால் உறிஞ்சி எடுத்தல்.
• இழை அல்காவைக் கையால் அல்லது பற்தூரிகையால் அகற்றி, உடனே வெளியே எடுத்துவிடல். சுரண்டியதைத் தொட்டியிலேயே விட்டால் அது அழுகி, அதே போசணைப் பொருளைத் திரும்ப நீரில் சேர்க்கும்.
• வடிகட்டியின் பஞ்சை அடிக்கடி கழுவுதல். இதற்குத் தொட்டியிலிருந்து அகற்றிய நீரையே பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் பயனுள்ள பற்றீரியாக்களைக் கொல்லும்.
• வேறொரு சிறு பகுதியில் விளக்கின் கீழ்க் கடற்பாசியை வளர்த்து, வளர்ந்ததை வெட்டி அகற்றல். போசணைப் பொருளைத் தொல்லைதரும் அல்காவுக்குப் பதிலாகக் கடற்பாசி உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாம் படி – ஒளியைக் கட்டுப்படுத்தல்
• தொட்டியை யன்னல் வெயில் படாத இடத்தில் வைத்தல். விளக்கை நாளொன்றுக்கு 6 – 8 மணித்தியாலம் மட்டும் எரியவிடல்.

நான்காம் படி – உயிரியல் கட்டுப்பாடு
• அல்காவை மேயும் நத்தைகளை வளர்த்தல். இவை முதலாம் நுகரிகள். எமது கடலில் ஒரா மீன் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரா பெரிதாக வளர்வது. 50 லீற்றர் தொட்டிக்குப் பொருந்தாது. நத்தை உண்டதும் கழிவாக வெளிவரும் என்பதால் முதலாம், இரண்டாம் படிகள் இல்லாமல் இம்முறை மட்டும் போதாது.

செய்யக்கூடாதவை
• செப்பு கலந்த பாசிக்கொல்லிகளை இடல். செப்பு நத்தை, இறால், பவளம் ஆகியவற்றைக் கொல்லும்.
• எல்லா நீரையும் ஒரே தடவையில் மாற்றி, மணல் கற்கள் யாவற்றையும் கழுவுதல். பற்றீரியாக்கள் அழிந்து அமோனியா உயரும்.
• தொட்டிக்காகப் பவளத்தைக் கடலிலிருந்து உடைத்தெடுத்தல். இது இலங்கையில் சட்டவிரோதமானது.
• அகற்றிய கடற்பாசியைக் கடலிலோ களப்பிலோ வீசுதல். கோலேர்ப்பா வகையைச் சேர்ந்த ஒரு கடற்பாசி 1984 இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே முதலில் காணப்பட்டு, பின் மத்தியதரைக் கடலின் பல பகுதிகளுக்கும் பரவியது. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்டு வந்த கடற்பாசியே அது. அகற்றியதைக் கழுவிக் காயவைத்து, தோட்டத்தில் புதைத்துவிடலாம்.

08. தொட்டியிலிருந்து கடலுக்கு

இதே தத்துவம் கடலிலும் உண்மையாகும். கரிபியன் கடலில் 1983 – 1984 காலப்பகுதியில் நீண்ட முட்களைக் கொண்ட கடல் முள்ளெலிகள் நோயினால் பெருந்தொகையாக இறந்தன. அவை அல்காவை மேய்ந்து வந்தவை. யமேக்காவில் அல்காவை மேயும் மீன்களும் ஏற்கெனவே அதிகமாகப் பிடிக்கப்பட்டிருந்தன. மேய்வதற்கு எவரும் இல்லாத நிலையில் அங்கு பவளப்பாறைகளை அல்காக்கள் மூடின. உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

எமது குளங்களிலும் களப்புகளிலும் பசளையும் வீட்டுக் கழிவும் கலந்து நீர் பச்சையாவதே நற்போசணையாக்கம். தொட்டியில் 25% நீரை மாற்றலாம். ஒரு களப்பின் நீரையோ கிணறுகளுக்கு நீர்தரும் சுண்ணாம்புக்கல் படையின் நீரையோ யாரும் மாற்ற முடியாது. அங்கு எஞ்சியிருக்கும் வழி உள்ளே போவதைக் குறைப்பது ஒன்றே.

09. மாதிரி வினாவும் விடையும்

ஒரு மாணவனின் கடல்நீர்த் தொட்டியில் பச்சை இழை அல்கா அடர்ந்து வளர்ந்துள்ளது. சனிக்கிழமைதோறும் அவன் அதனைச் சுரண்டித் தொட்டியிலேயே விடுகிறான். நீரைச் சோதித்தபோது நைத்திரேற்று பூச்சியம் எனக் காட்டியது. பின்னர் ஒரு நாள் மாலை பாசிக்கொல்லி இட்டான். அல்கா இறந்தது. மறுநாள் அதிகாலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடின.

(i) அல்கா மீண்டும் மீண்டும் வளர்ந்தமைக்குக் காரணம் யாது?
விடை: சுரண்டிய அல்கா தொட்டியிலேயே அழுகியதால் போசணைப் பொருள்கள் மீண்டும் நீரைச் சேர்ந்தன. உள்ளே வரும் போசணைப் பொருளும் குறைக்கப்படவில்லை.

(ii) அல்கா அடர்ந்திருந்தும் நைத்திரேற்று பூச்சியமாக இருந்தது ஏன்?
விடை: நீரைச் சேரும் நைத்திரேற்றை அல்கா உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டது. நைதரசன் அல்காவின் உடலில் உள்ளது. ஆகவே நீர் தூயது என முடிவுசெய்ய முடியாது.

(iii) மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்தமைக்குக் காரணம் யாது?
விடை: இறந்த அல்காவைப் பிரிந்தழியச் செய்த பற்றீரியாக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தின. இரவில் ஒளித்தொகுப்பு நடைபெறாததாலும் கரைந்த ஒட்சிசன் குறைந்தது.

(iv) உடனடியாகச் செய்ய வேண்டிய இரண்டினைக் கூறுக.
விடை: வளிப்பம்பி மூலம் நீரைக் கலக்கி வளியூட்டல், இறந்த அல்காவை அகற்றி ஒரு பகுதி நீரை மாற்றல்.

குறிப்பு: (ii) ஆம் பகுதியிலேயே பலர் புள்ளிகளை இழப்பர். "நைத்திரேற்று இல்லாததால் அல்கா வேறு உணவை உண்டது" என எழுதுவது முற்றிலும் தவறு. அல்கா தனக்கான உணவைத் தானே தயாரிப்பது.

10. பயிற்சி

1. தொட்டியின் நைத்திரேற்றுச் செறிவு 32 மி.கி./லீ. நைத்திரேற்று அற்ற நீரால் 25% வீதம் அடுத்தடுத்து இரு தடவைகள் மாற்றினால் செறிவு யாது?
(1) 8 (2) 16 (3) 18 (4) 24

2. மணலைப் போர்த்தும் வழவழப்பான சிவப்புப் படை,
(1) தயற்றம் (2) சயனோபற்றீரியா (3) பச்சை அல்கா (4) சுண்ணாம்புச் சிவப்பு அல்கா

3. கடல்நீர்த் தொட்டியில் ஆவியாகிய நீருக்குப் பதிலாக ஊற்ற மிகப் பொருத்தமானது,
(1) கடல்நீர் (2) கொதித்தாறிய கிணற்று நீர் (3) காய்ச்சி வடித்த நீர் (4) உப்புக் கரைத்த குழாய்நீர்

4. உமது வீட்டுக் கிணற்றைச் சேரக்கூடிய நைத்திரேற்றின் மூலங்கள் இரண்டினை எழுதி, ஒவ்வொன்றையும் குறைக்கும் ஒரு வழியைத் தருக.

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (3).

முதலாம் வினாவுக்கு 16 என எழுதியவர்கள், இரண்டாவது தடவை 25% எடுக்கப்படுவது 32 இலிருந்து அன்று, 24 இலிருந்து என்பதை மீண்டும் சிந்திக்க. நான்காம் வினாவின் விடையைப் புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் கிணற்றடியில் நின்று, சுற்றிப் பார்த்து எழுதுங்கள்.